ஜாங்கிரியைக் காட்டும்மா

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்ப வெளியவே விட்டிருங்க. அந்தப் பெட்டிய அங்கன மூலைல வைங்க, சோபா மேல வைக்காதீங்க. காலிப் பெட்டிதானா? காலியா இருந்தாலும் வேண்டாம். இதுக்கு முன்னால அதுல என்னென்ன கெடந்துச்சோ யாரு கண்டா. போன மாசம்தான் சோபாவுக்கு உறை மாத்துனேன்.

மதுரையிலருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? காருலயா. அதுதான் நல்லது. பஸ்ஸுல கொண்டு போனீங்கன்னா பக்கத்து சீட்டுக்காரன் பெட்டியில என்னன்னு கேப்பான். நீங்க உண்மையச் சொல்லுவீங்க. கோவில்பட்டி தாண்டுறதுக்குள்ள உங்களையும் பெட்டியையும் எறக்கி விட்டுருவான். காப்பி குடிப்பீங்கள்லா? இருங்க, கையக் கழுவிட்டு வாரேன். இன்னைக்கு நான் அதத் தொடல, தொடப் போறதும் இல்ல. ஆனாலும் கழுவணும். இது வந்ததுலருந்து ஒரு நாளைக்கு எத்தன தடவ கை கழுவுதேன்னு எனக்கே தெரியல. ரேஷன் கடை மிஷின்ல விரல வெச்சா எடுக்க மாட்டேங்குது. ரேகையே அழிஞ்சு போச்சு போல.

இந்தாங்க காப்பி. சீனி போதுமா?

பாக்கலாம் பாக்கலாம், என்ன அவசரம். அது எங்கயும் போயிராது. அந்த ரூமுலதான் கெடக்கு. என் பையன் நாதன் படிச்ச ரூமு அது. அவன் கட்டில எடுத்துட்டுத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டியப் போட்டிருக்கு. மேல லைட்டு, அடியில சூடு குடுக்கிற தட்டு, படுக்க மரக்கட்டை, முங்கிக் கெடக்கத் தண்ணித் தொட்டி. கரண்டு போனா நான் விசிறிக்கிட்டு கெடக்கேன், அதுக்கு இன்வெர்ட்டர்.

உங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு தம்பி. எனக்கு அதக் கண்டா அருவருப்பு. பயம்னு நெனச்சிராதீங்க. பயம் மொத மாசத்தோட போச்சு. அருவருப்பு அதுக்குப் பெறவுதான் வந்துச்சு, வந்து கூடிக்கிட்டே போகுது. அந்த நாக்கு இருக்கு பாருங்க, உள்ள வெளிய, உள்ள வெளிய, என்னத்தத் தொழாவுதோ. கண்ணுக்கு இமையும் கெடையாது. முழிச்சிருக்கா, தூங்குதான்னு ஒரு மண்ணும் தெரியாது. நான் சேலை மாத்தும்போது கூட அந்த ரூமுக் கதவச் சாத்திட்டுத்தான் மாத்துறது.

பேரு வெச்சிருக்கான் பாருங்க, ஜாங்கிரியாம். சுருண்டு கெடந்தா அப்படி இருக்காம். எனக்கு உசுருக்கு உசுரான பலகாரம் தம்பி அது. கல்யாண வீட்டுக்குப் போனா எங்க வீட்டுல அவுக தன் எலையில வெச்சதையும் சேத்து எனக்குத்தான் தள்ளுவாக. அவுக போயி அஞ்சு வருசம் ஆகுது. இப்ப எலையில அந்தப் பலகாரத்தப் பாத்தாலே எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வருது. தை மாசம் ஒரு கல்யாணத்துல பாதிப் பந்தியில எந்திரிச்சுட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க சமையல்ல என்னமோ குத்தம்னு நெனச்சுக்கிட்டு சமையல்காரரப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க.

நாதன் எனக்கு ஒத்தப் பையன். முழுப்பேரு குற்றாலநாதன். பெங்களூர்ல வேலை பாத்தான். அங்கனதான் இத வாங்குனான், வளக்கிறவன் ஒருத்தன்கிட்ட, முறையா, கவர்மெண்டுல பதிஞ்சு. நம்ம ஊருப் பாம்ப வீட்டுல வெச்சா ஜெயிலாம், அமெரிக்காப் பாம்புன்னா பதிஞ்சாப் போதுமாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நான் என்னத்துக்கு உங்களுக்குச் சொல்லணும். வீட்டுலருந்தே வேலை பாக்கலாம்னு அவன் கம்பெனியில சொன்னப்ப, காரு பின் சீட்டுல ஒரு துணிப்பைய வெச்சுக் கொண்டாந்தான். 'உனக்கு ஒண்ணு காட்டுதேன் கண்ண மூடு'ன்னான். சேலைன்னு நெனச்சு நான் கைய நீட்டுனேன். நீட்டுன கையில கனமா, குளுந்து போயி, நெளிஞ்சுது.

அந்தக் குளிர்ச்சி இன்னும் கையில இருக்கு. சீ.

பெறவு அவனுக்கு அயர்லாந்துல வேலை கெடச்சுது. அந்த நாட்டுல காட்டுலகூட பாம்பே கெடையாதாம் தம்பி. பாம்பே இல்லாத ஊரா பாத்து அவன் போயிட்டான், பாம்ப எனக்கு விட்டுட்டு. 'ஆறே மாசம்மா, நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருவேன்'னான். ஏர்போர்ட்டுக்குக் கெளம்பும்போது அந்த ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டான். நான் வாசல்ல திருநீறு வெச்சுக்கிட்டு நிக்கேன், டிரைவர் ஹாரன் அடிக்கான், இவன் வரல. வந்தப்ப கண்ணு செவந்திருந்துச்சு. நான் 'அழாதல, அம்மா தைரியமா இருப்பேன்'னேன்.

நாங்க சைவம், பரம்பரையா. முட்டை கலந்த கேக்கு கூட இந்த வாசப்படி தாண்டுனதில்ல. அப்பேர்ப்பட்ட வீட்டுல, என் பிரிட்ஜுல, மாவுச் சட்டிக்கு நேர் மேல, எலி. உங்க மதுரையிலருந்துதான் வருது, தெர்மாகோல் பெட்டியில, வெள்ளை வெள்ளையா, வெறைச்சுப் போயி, காலக் கூப்பிக்கிட்டு. நான் கூப்பாடு போட்டதுக்குப் பெறவுதான் அதுக்குன்னு தனியா ஒரு சின்ன ஐஸ் பெட்டி வாங்கி அனுப்புனான். அதுக்குள்ள அந்த மாவுல எத்தன தோசை சுட்டுத் தின்னிருப்பேனோ.

அந்த எலியயும் நெனச்ச நாளுல போட முடியாதுல்லா. வெள்ளி, செவ்வாய் கூடாது. திங்கக்கெழம சோமவாரம். அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, பிரதோஷம், சஷ்டி எதுவும் ஆகாது. அவுக திதி வர்ற வாரமும் ஆகாது. மார்கழி மாசம் பூராவும் கெடையாது. மார்கழியில என் வீட்டுல ஒரு உசுரு எலி திங்கிறதா? 'அம்மா, அது பாம்பும்மா, அதுக்கு மார்கழி தெரியாது'ன்னு நாதன் கத்துதான். 'எனக்குத் தெரியும்லா'ன்னேன். கெடந்துச்சு பாருங்க, மாசம் பூராவும் பட்டினி. ஒண்ணும் ஆகல. மாட்டுப் பொங்கல் கழிச்சுத்தான் போட்டேன். நல்ல வீட்டுல வளந்த பாம்பு தம்பி இது, அதச் சொல்லணும்லா.

போடுறதும் லேசுப்பட்ட வேலையா? பின்னால குழாயடியில தனிச்சட்டி வெச்சு வெந்நீர்ல ஊறப் போடணும். பெறவு வாலப் பிடிச்சு இடுக்கியால தூக்கி லேசா ஆட்டணும். ஆட்டுனாத்தான் உசுரோட இருக்குன்னு நெனச்சுக் கவ்வும். நான் நெத்தி நெறைய திருநீறப் பூசிக்கிட்டு, மூக்கக் கட்டிக்கிட்டு, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு ஆட்டுவேன். பட்டுனு இழுக்கும் பாருங்க, இடுக்கியோட என் கையும் சேந்து போகும். கவ்விச் சுத்தி நெரிக்கும். ஏற்கெனவே செத்த எலிய என்னத்துக்குச் சவம் அந்த நெரி நெரிக்குது? பெறவு வாயக் கழட்டி வெச்ச மாதிரி விரிச்சு விழுங்கும். வெளிய வரும்போது ஒரு நாத்தம் வரும் பாருங்க, அத நான் சொல்ல வேண்டாம், உங்க வீட்டுலயும் ரெண்டு கெடக்குன்னீங்க.

சட்டை உரிச்சுதுன்னா அதத் தூரப் போடக் கூடாதாம். எடுத்து மடிச்சு வைக்கணுமாம். பீரோவுல எங்க வெச்சிருக்கேன் தெரியுமா? என் பட்டுச்சேலைக்கு மேல் தட்டுல. அதுக்குக் கீழ அந்துருண்டை வாசம், மேல இந்த வாசம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் நானே என்ன மோந்து பாத்துக்கிட்டுத்தான் போறேன்.

தெனமும் விளக்கேத்துற நேரத்துக்கு நாதன் கூப்பிடுவான். அங்க அப்ப மத்தியானம், சாப்பாட்டு நேரம். ஒரு நாள் தவறாது. பெங்களூர்ல இருந்தப்ப மாசத்துக்கு ஒருக்க கூப்பிட்டா பெருசு. நான் கூப்பிட்டா 'மீட்டிங்ல இருக்கேம்மா'ம்பான். எப்பப் பாத்தாலும் மீட்டிங்கு. கடல் தாண்டிப் போனதுக்குப் பெறவுதான் பிள்ளைக்கு அம்மா அருமை தெரிஞ்சிருக்கு.

எடுத்ததும் 'ஜாங்கிரியைக் காட்டும்மா'ன்னுதான் ஆரம்பிப்பான். அது ஒரு பழக்கம். ஆம்பளப் பிள்ளைகளுக்கு நேரா 'எப்படி இருக்க, சாப்பிட்டியா'ன்னு கேக்க வராது பாத்துக்கிடுங்க. சுத்தி வளச்சுத்தான் வருவாங்க. அவுகளும் அப்படித்தான், மாடு கன்னப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் மனுசாளுக்கு வருவாக. நான் போனைக் கண்ணாடிப் பெட்டிகிட்டப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். 'பட்டு, கண்ணு, அப்பா வந்திருக்கேன் பாரு'ங்கான். அப்பாவாம்! கல்யாணப் பேச்செடுத்தா போன வெச்சிருதான், இதுக்கு அப்பாவாம். அப்ப நான் யாரு, இந்தச் சவத்துக்கு ஆச்சியா?

கை கடுத்துப் போகும். இருந்தாலும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். நின்னுக்கிட்டே என் கதையச் சொல்லுவேன். முழங்கால் வலி, மாடியில தண்ணி ஒழுகுறது, கோயில்ல யாரப் பாத்தேன், எல்லாம். அவன் 'ம், ம்'ங்கான். 'கொஞ்சம் இடது பக்கம் காட்டும்மா'ங்கான். நான் இடது பக்கம் காட்டிக்கிட்டே சொல்லுவேன். சில நாளு அரை மணி நேரம் கூட ஆகும். எந்த வீட்டுல தம்பி வெளிநாட்டுப் பிள்ளை தெனமும் அரை மணி நேரம் பேசுது?

காப்பி குடிச்சு முடிச்சுட்டீங்களா? முடிச்சாத்தான் இதச் சொல்ல முடியும்.

தின்னுட்டுக் கெடந்தா ரெண்டு மூணு நாளைக்கு அதத் தூக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். எனக்கும் நாதன் சொல்லிக் குடுத்திருந்தான். ஒரு நாள் கூப்பிட்டு, 'அம்மா, வெளிய எடும்மா, முழுசாப் பாக்கணும் போல இருக்கு'ன்னான். முந்தின நாளுதான் எலி போட்டிருந்தேன். சொல்லலாம்னு வாயெடுத்தேன். சொன்னா 'அப்படியா, அப்ப வேண்டாம்மா, நாளைக்குப் பேசுறேன்'னு வெச்சுருவான். ஆசையாக் கேக்கான், என்னத்துக்குக் கெடுக்கணும்? கையில துண்டச் சுத்திக்கிட்டு எடுத்துத் தோள்ல போட்டேன். நெளிஞ்சுது. நெளிஞ்சு நெளிஞ்சு வாயப் பொளந்துச்சு. முழு எலி தம்பி. பாதி கரைஞ்சு, முடி கழண்டு, கொழகொழன்னு என் தோள்லருந்து மடிக்கு வழுக்கிக்கிட்டு வந்துச்சு. செத்த எலி நாத்தம் எல்லாருக்கும் தெரியும். இது செத்து, ஐஸுல கெடந்து, வெந்நீர்ல ஊறி, பாம்பு வயித்துல ஒரு நாள் வெந்து வந்த நாத்தம். அந்தச் சுங்குடிச் சேலையத் தொவைக்கல, கொளுத்திட்டேன். நாலு நாளைக்குச் சோறு எறங்கல. நாதன் பதறிட்டான். 'அதுக்குத் தொண்டை புண்ணாயிருக்குமே, தண்ணி குடிச்சுதா, தண்ணி குடிச்சுதா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். இளகின மனசு, சின்ன வயசுலருந்தே அப்படித்தான்.

அதவிடக் கொடுமை சாம்பிராணி. வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுறது எங்க வீட்டுப் பழக்கம். இது வந்த பெறவு நாத்தம் தாங்காம தெனமும் போட ஆரம்பிச்சேன், மூலை முடுக்கெல்லாம். அந்த ரூமுல கதவச் சாத்திட்டு ரெண்டு கரண்டி கூடவே. ஒரு நாள் பாக்கேன், மூக்குல நொரை கட்டியிருக்கு. வாயத் தொறந்து தொறந்து இழுக்குது. நாதன் போன்ல பாத்துட்டு 'என்னம்மா பண்ணித் தொலைச்ச'ன்னு கத்துனான். புகை ஆகாதாம், நெஞ்சுல சளி கட்டிருமாம். எனக்கு எப்படித் தெரியும்? பச்சப் பிள்ளையக் குளிப்பாட்டுனா சாம்பிராணி காட்டத்தானே செய்யுதோம்? போடுறவ நல்லதுன்னு நெனச்சுத்தானே போடுதா?

அவன் அழுதான் தம்பி. அவுக காரியத்தப்ப கூட அப்படி அழல. காரு பிடிச்சு உங்க ஊருக்குக் கொண்டு போயி ஊசி போட்டுட்டு வந்தேன். மடியில பெட்டிய வெச்சுக்கிட்டு, ஜன்னலத் தொறந்து மூக்க வெளிய நீட்டிக்கிட்டு. அந்த மூணு வாரமும் நாதன் காலைல, மத்தியானம், சாயங்காலம்னு கூப்பிட்டான். 'என்னம்மா பண்ணுது, இப்ப என்னம்மா பண்ணுது'ன்னு. பிள்ளைன்னா அப்படி இருக்கணும். லீவு போட்டுட்டு வாரேன்னு டிக்கெட்டே எடுத்துட்டான். எனக்குக் கண்ணு ஆபரேஷன் நடந்தப்ப லீவு குடுக்கல அவங்க, அப்ப புது வேலை, பாவம் அவன் என்ன செய்வான். இந்தத் தடவ குடுத்துட்டாங்க. நான் புது விரிப்பு எடுத்து வெச்சு, அவனுக்குப் பிடிச்ச சொதிக்கு நல்ல தேங்காயாப் பாத்து வாங்கி வெச்சேன். சனியன் அதுக்குள்ள தேறிருச்சு. டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டான்.

அதுக்கப்புறமும் ஒருக்க கை மறதியா அந்த ரூமுல சாம்பிராணியப் போட்டுட்டேன். பழக்கம் பாருங்க. அந்தத் தடவ அதுக்கு ஒண்ணும் ஆகல.

உங்களுக்கு முன்னாலயும் ஆளுங்க வரத்தான் செஞ்சாங்க. ஒருத்தன் சங்கரன்கோவில் பக்கத்துலருந்து போன் பண்ணி, 'எத்தன கிலோ இருக்கும்மா? ரெண்டு பக்கமும் தலையா?'ன்னு கேட்டான். மண்ணுளிப் பாம்புன்னு நெனச்சுட்டான். அத வெச்சா கோடி கோடியாக் கொட்டும்னு ஊர ஏமாத்துற கூட்டம். 'ஒரு தலைதான், அதுக்கே என்னால முடியல'ன்னு வெச்சுட்டேன். இன்னொருத்தன் போட்டோக்காரன். கல்யாணத்துக்கு முன்னாலயே பொண்ணையும் மாப்பிள்ளையையும் எங்கயாவது கூட்டிட்டுப் போயி எடுக்காங்கள்லா, அதுக்காம். ரெண்டு பேரு கழுத்துலயும் சேத்து மாலை மாதிரி போட்டு எடுக்கணுமாம். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். நாள் பூராவும் லைட்டு வெளிச்சத்துல, கண்டவன் கழுத்துல, வேர்வையிலயும் சென்ட்டுலயும் போட்டுப் பொரட்டுனா அது தாங்குமா? வெளிய போடான்னுட்டேன். எனக்கு அதப் பிடிக்காதுங்கிறது வேற விசயம்.

அடுத்த வீட்டுச் செண்பகம் இருக்காளே, அவ கூத்து பெரிய கூத்து. அவ மகளுக்கு நாக தோஷம், வரன் தட்டிப் போகுது. ஒரு வெள்ளிக்கெழம பாலு, முட்டை, மஞ்சப்பொடி எல்லாத்தையும் தட்டுல வெச்சுக்கிட்டு மகளையும் இழுத்துக்கிட்டு வந்துட்டா. 'அக்கா, நாகம்மா உங்க வீடு தேடி வந்திருக்கா, ஒரு கும்பிடு போட்டுக்கிடுதோம்'னா. அது அமெரிக்காக்காரி, அவளுக்கு உன் பாலும் வேண்டாம் பழமும் வேண்டாம்னு சொன்னாலும் கேக்கல. என் நடுவீட்டுல முட்டையக் கொண்டாந்து வெச்சுட்டா தம்பி! சைவ வீட்டுல, வெள்ளிக்கெழமையில, முட்டை! தட்டோட தூக்கி வெளிய வெச்சுட்டேன். கவிச்சி அடிச்சுதுன்னு வீட்ட ரெண்டு தடவ கழுவி விட்டேன்.

சிரிக்காதீங்க. எலி பின்னால குட்டி ஐஸ் பெட்டியில இருக்கு. அது வேற, இது வேற.

அந்தக் கோவத்துல அவ ஒரு வார்த்த சொன்னா. வாசல்ல நின்னு, நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி. 'பாம்ப விரட்டுதேன், விரட்டுதேன்னு குதிக்கீங்களே அக்கா, பாம்பு போச்சுன்னா உங்க மகன் போனும் போச்சு. அவன் உங்களையாக் கூப்பிடுதான்?'னு கேட்டா.

அன்னையோட அவகூடப் பேச்சு வார்த்த கெடையாது. பொறாமை தம்பி. அவ மகன் இந்தா இருக்குற தாழையூத்துல இருக்கான், தீவாளிக்குத்தான் வாரான். என் பிள்ளை தெனமும் பேசுதானேன்னு வயித்தெரிச்சல். அன்னைக்கே முடிவு பண்ணேன். இத ஒழிச்சுக் கட்டிட்டு, பெறவும் விளக்கேத்துற நேரத்துக்கு என் போன் அடிக்கத்தான் செய்யும், ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டு சத்தமாப் பேசுவேன், அவ கேக்கட்டும்னு. நானேதான் நாதன்கிட்ட தெனமும் நச்சரிச்சேன். 'இத யாருக்காவது குடுத்துத் தொலைல, குடுத்துத் தொலைல'ன்னு. அவனும் 'பாக்கேம்மா, பாக்கேம்மா'ம்பான். அப்படியே கொஞ்ச நேரம் பேச்சு ஓடும். திடீர்னு போன வாரம், 'மதுரையில ஒரு நல்ல ஆளு கெடச்சுட்டாரும்மா, சனிக்கெழம வருவாரு'ன்னான்.

நல்ல ஆளாத்தான் இருக்கீங்க. நான் எல்லாம் கேட்டுட்டேன் பாருங்க, வந்ததுலருந்து. வீட்டுல நாய் பூனை இல்லங்கீங்க. சொந்த வீடுங்கீங்க. உங்க சம்சாரத்துக்கு அருவருப்பு இல்லியா? நெசமாவா? அவுங்களே தூக்குவாங்களா? பொய் சொல்லுவாங்க, பொம்பளைங்க நாங்க புருசனுக்காக எதையும் சொல்லுவோம். மார்கழியிலயும் எலி போடுவீங்களோ? ம். உங்கள ஒரு குத்தமும் சொல்ல முடியல, அதுதான் எனக்கு எரிச்சலா வருது.

சரி, எடுங்க. நான் கதவுகிட்டயே நிக்கேன். ஆமா, அந்த மூடி இடது பக்கமாத் தள்ளணும். அடேங்கப்பா, கையிலயே எடுத்துட்டீங்களே, துண்டு வேண்டாமா? எப்படி உங்க கையில சுத்திக்கிட்டுக் கெடக்கு பாருங்க, எத்தன நாள் பழக்கம் மாதிரி. நன்றி கெட்ட சவம். இவ்வளவு நாளும் ஆட்டி ஆட்டிப் போட்ட கை இங்க நிக்குது, அது உங்க சட்டைக்குள்ள தலைய விடுது. பைக்குள்ள விட்டாச்சா? நல்லா முடிச்சுப் போடுங்க. பெட்டியில வைங்க. இந்தப் பக்கம் ஓட்டை இருக்குல்லா, காத்துக்கு?

கொஞ்சம் இருங்க, இப்பக் கெளம்ப வேண்டாம். விளக்கேத்திட்டு வந்துருதேன். நாதன் கூப்பிடுற நேரம். அவன் பேசி முடிச்சதும் போங்க. ஒரு பேச்சு சொல்லணும்லா, குடுத்தாச்சுன்னு. இந்தா, போன இங்கன மேசை மேலதான் வெச்சிருக்கேன்.

அடிக்குது. இல்ல, இது இல்ல. உங்க போன்தான். எடுங்க தம்பி. யாரு, வீட்டுலயா?

நாதனா? எங்க நாதனா?

என் போன் கெடச்சிருக்காது. இங்க டவர் அப்பப்ப இப்படித்தான். எடுங்க எடுங்க. நான் பக்கத்துல நிக்கேன்னு நீங்க சொல்ல வேண்டாம். அவனே கேப்பான்.

வெச்சுட்டானா.

நல்லாப் பேசுனான். என்ன சந்தோசம் அவனுக்கு. மொகத்த ஒருக்க காட்டுங்கன்னான், நீங்களும் முடிச்ச அவுத்துக் காட்டுனீங்க. ஏசிக் காத்து படாமக் கொண்டு போங்க, போனதும் தண்ணி வைங்கன்னான். இனிமே தெனமும் இந்த நேரத்துக்கு உங்களக் கூப்பிடுதேன், உங்களுக்குத் தொந்தரவு இல்லியேன்னு கேட்டான். மரியாதையான பிள்ளை. உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னுகூட கேட்டானே. நேராவே கேட்டான். சுத்தி வளைக்கல.

இல்ல தம்பி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சமாதானம் சொல்ல நீங்க யாரு. கொஞ்ச நேரம் உக்காருங்க, இப்ப எனக்குக் கூப்பிடுவான். மொதல்ல உங்ககிட்ட விசயத்த முடிச்சுட்டு, பெறவு ஆற அமர என்கிட்ட பேசலாம்னு இருப்பான்.

சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருக்கும் அங்க.

பெட்டியக் கீழ வைங்க.

கீழ வைங்கன்னேன். நான் தரமாட்டேன். காரணம் என்னத்துக்கு? மதுரையிலருந்து வந்திருக்கீங்க, உங்க அலைச்சலுக்கு மன்னிச்சுக்கிடுங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க, தோசை சுட்டுத் தாரேன். ஆனா அத எடுத்துட்டுப் போகக் கூடாது. எனக்கு அது மேல பிரியமா? சீ! அந்த வார்த்தையக் கேட்டாலே குமட்டுது. பையத் தொறந்து நீங்களே அந்தக் கண்ணாடிக்குள்ள விட்டுருங்க, நான் தொட மாட்டேன். நாளைக்கு என்ன கெழம? ஞாயித்துக்கெழமதான், நாளும் நல்ல நாளுதான், எலி போட்டுக்கிடுதேன்.

கார்ல ஏறுனதும் நாதனுக்குப் போனப் போடுங்க. உங்கம்மா தரமாட்டேன்னுட்டா, கதவச் சாத்திட்டான்னு சொல்லுங்க. கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு வேணும்னாலும் சொல்லுங்க. கோவம் வரும் அவனுக்கு, நல்லா வரும். உங்ககிட்ட கோவப்பட வேண்டாம்னு சொல்லுங்க. என் நம்பர் அவன்கிட்ட இருக்கு. என்னையக் கூப்பிட்டுத் திட்டச் சொல்லுங்க.